முதல் மணி இளையவர் கையில்

நேற்றிரவுக் கடமை முடித்துக் கண் மூடாமல் நேரே இங்கு வந்து பின்வரிசையில் உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள் அமர்ந்திருக்கிறார்கள்.

தலைமை உரை முன்வரிசையைப் பார்த்துப் பேசுவதே வழக்கம். இன்று பின்வரிசையைப் பார்த்துப் பேச எனக்கு அனுமதி தாருங்கள். இந்தக் கருத்தரங்கில் இரண்டு நாள் நாம் பேசப்போவது அவர்களைப் பற்றித்தான்.

நான் உள்ளகப் பயிற்சி முடித்து முதல் நியமனமாக ஒரு சிறிய பிரதேச வைத்தியசாலைக்குப் போன மூன்றாம் வாரம் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். பொழுதுபட்ட நேரம். உழவு இயந்திரத்தோடு மோதிய மோட்டார் சைக்கிள்காரப் பெடியன் ஒருவனை முச்சக்கர வண்டியின் பின் இருக்கையில் மடித்துக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். இருபது வயது தாண்டியிருக்காது. நெற்றியிலிருந்து உச்சிவரை தோல் பிளந்து முகமெல்லாம் இரத்தம். கூட வந்தவர்கள் வாசலில் நின்று கத்தினார்கள். நான் தையல் தட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நேர்த்தியாகத் தைத்தேன். தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற மூத்த தாதி இரண்டு தரம் சொன்னார்: "டொக்டர், நாடி சரியான வேகமா ஓடுது, ஆள் குளிர்ந்து வேர்க்குது, ஒருக்கா வயித்தைப் பாருங்கோ." பயத்தில் வேர்க்கிறது என்று பதில் சொன்னேன். கடைசி முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோது வயிறு இறுகியிருந்தது. பெரிய வைத்தியசாலைக்குப் போகும் வழியில், அம்புலன்ஸிலேயே அவன் போய்விட்டான். மண்ணீரல் கிழிந்திருந்தது.

மறுநாள் அவனுடைய தாய் என்னைத் தேடி வந்தார். "நீங்கள் செய்யிறதைச் செய்தனீங்கள் தம்பி. அவன்ர விதி அவ்வளவுதான்" என்றார். அந்த ஆறுதலை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. மண்ணீரல் கிழிவு பற்றி இறுதிப் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கியவன் நான். படிப்பு இருந்தது. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற ஒழுங்கு மட்டும் கைக்கு ஏறியிருக்கவில்லை. தாதியின் குரலை நிறுத்திக் கேட்கும் பழக்கமும் இல்லை. இந்த இரண்டையும் யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை. விதி என்று அந்தத் தாய் சொன்னது இந்த இடைவெளியைத்தான்.

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் மக்கள் அனுமதிக்கப்படும் காரணங்களில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் நிற்பது காயம். வீதி விபத்து, பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுதல், கிணற்றில் விழுதல், காட்டோரக் கிராமங்களில் கட்டுத்துவக்கு வெடி, யானை, மாடு, வாள்வெட்டு, தீ. போர் விட்டுச்சென்ற மிதிவெடிகளையும் வன்னியில் வேலை செய்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்தக் காயங்கள் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் வாசலில் நடப்பதில்லை. நம் அமைப்பில் பிரதேச வைத்தியசாலை, ஆதார வைத்தியசாலை, மாவட்டப் பொது வைத்தியசாலை, போதனா வைத்தியசாலை என்று படிகள் உண்டு. நிபுணர் மேல்படியில் இருக்கிறார். காயம்பட்டவர் கீழ்ப்படியில் ஏறுகிறார். அந்தக் கீழ்ப்படியில் கதவைத் திறப்பவர், ஆறாறு மாதமாக இரண்டு துறைகளில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி முடித்து, பெட்டியோடு வந்திறங்கிய இளைஞர் அல்லது யுவதி. அவருக்கு மேலே அந்த இரவில் யாரும் இல்லை. உயிர் தங்குவதும் போவதும் முடிவாகும் முதல் மணி நேரத்தை நாம் நம்மில் இளையவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். நம்மிடம் உள்ள மிகச் சிறந்த கற்பித்தலும் அவரிடம்தான் போய்ச் சேர வேண்டும். இன்று அது மேல்படியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

உலகம் முழுவதும் இன்று கற்பிக்கப்படும் காயச் சிகிச்சை ஒழுங்கு ஒரு சிறிய வைத்தியசாலையில்தான் பிறந்தது. 1976 பெப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர் தாமே ஓட்டிவந்த சிறு விமானம் வயலில் வீழ்ந்தது. மனைவி அங்கேயே இறந்தார். காயப்பட்ட பிள்ளைகளோடு அவர் போய்ச் சேர்ந்த கிராமப்புற வைத்தியசாலையில் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த இரவின் வேதனையிலிருந்து 1978இல் முதல் பயிற்சி வகுப்பு எழுந்தது. 1980இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரி அதைத் தன்னுடையதாக்கியது. அந்த வகுப்பு கற்பித்த வரிசை இது: முதலில் கழுத்து முள்ளந்தண்டைக் காத்தபடி மூச்சுவழி, அடுத்தது மூச்சு, அதற்கடுத்து குருதியோட்டம், பின் உணர்வுநிலை, கடைசியில் உடையை அகற்றி முழு உடம்பையும் பார்த்துக் குளிர விடாமல் போர்த்துதல். எது விரைவாகக் கொல்லுமோ அதை முதலில் பார். ஒன்றைத் திருத்தாமல் அடுத்ததற்குப் போகாதே. பிளந்த தலைத்தோல் இந்த வரிசையில் எங்கே வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அழுத்திக் கட்டிவிட்டு மேலே போயிருக்க வேண்டிய காயம் அது.

அந்த வகுப்பு நல்லது. ஆனால் செலவு கூடியது, பெரிய நகரங்களில் நடப்பது, எண்ணிக்கையில் சிலருக்கே இடமுள்ளது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு வேறொரு வழியைக் காட்டியது இன்னொரு தீவு நாடு. ஆரம்பக் காயப் பராமரிப்பு என்ற இலவசப் பயிற்சி 1997இல் பிஜியில் தொடங்கியது. அதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. வெளியிலிருந்து வரும் ஆசிரியர்கள் இரண்டு நாள் கற்பிப்பார்கள். கற்றவர்களில் சிலருக்கு மூன்றாம் நாள் ஆசிரியப் பயிற்சி. அடுத்த இரண்டு நாளும் அந்தப் புதியவர்களே உள்ளூர்க்காரருக்குக் கற்பிப்பார்கள். வந்தவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். பிறகு அவர்கள் போய்விடலாம், பயிற்சி தங்கிவிடும். விலை உயர்ந்த பொம்மைகள் அதற்குத் தேவையில்லை, அந்த வைத்தியசாலையில் எது உண்டோ அதை வைத்தே சொல்லித்தர முடியும்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நம் வைத்தியர்கள் எத்தனை பேர் விமானம் ஏறினார்கள் என்பதை இங்கிருப்போர் தத்தம் விடுதிகளில் கண்டிருக்கிறீர்கள். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆசிரியர் ஒருவர் போனால் பயிற்சியும் அவரோடு போய்விடும் அமைப்பை இனி நாம் தாங்க முடியாது.

இந்தக் கவலை புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனுக்கும் இது இருந்தது. மானிப்பாயில் அவர் முதலில் ஆங்கிலத்தில் வைத்தியம் கற்பித்தார். படித்து முடித்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகம் தேடித் தூர இடங்களுக்குப் போனார்கள். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார். ஆகவே கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார், மாணவர்களோடு சேர்ந்து நூல்களையும் தமிழாக்கினார். ட்ரூயிட் என்பவரின் சத்திரசிகிச்சை நூல் 1867இல் 'இரண வைத்தியம்' என்ற பெயரில் அச்சேறியது. முறிவு, வெட்டு, குருதிப்பெருக்கு ஆகியவற்றை இந்த மண்ணின் இளைஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தங்கள் மொழியில் படித்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

மருத்துவக் கல்வி முழுவதையும் இன்றே தமிழுக்கு மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. காய அறையில் பேசும் மொழியைப் பற்றி மட்டும் கேட்கிறேன். நாம் வகுப்பில் ஆங்கிலத்தில் கற்பிக்கிறோம். இரவு இரண்டு மணிக்கு அந்த அறையில் நிற்பவர்கள் ஒரு வைத்தியர், இரண்டு தாதியர், ஒரு சிற்றூழியர், அம்புலன்ஸ் சாரதி. கழுத்தை அசையாமல் பிடிப்பவர் பெரும்பாலும் அந்தச் சிற்றூழியர்தான். அவருக்கு விளங்காத கட்டளையால் யாருக்குப் பயன்? "கழுத்தை ரெண்டு பக்கமும் பிடியுங்கோ, நான் சொல்லும்வரை விடாதேங்கோ" என்று சொல்லிப் பழகியிருக்க வேண்டும். "ஒட்சிசன் போட்டாச்சு", "ரெண்டாவது ஊசியும் ஏத்தியாச்சு" என்று செய்தவர் உரக்கத் திருப்பிச் சொல்லப் பழகியிருக்க வேண்டும். தெற்கிலிருந்து முதல் நியமனத்தில் வடக்குக்கு வரும் சிங்கள வைத்தியர்கள், இங்கிருந்து மொனராகலைக்கோ அம்பாந்தோட்டைக்கோ போகும் தமிழ் வைத்தியர்கள், இவர்களுக்கு மற்ற மொழியில் ஒரு இருபது வாக்கியம் வேண்டும். எங்கே நோகிறது, கால் விரலை அசைக்க முடியுமா, எப்போது சாப்பிட்டீர்கள், என்ன மருந்து எடுக்கிறீர்கள். அந்த இருபது வாக்கியங்களை இந்தக் கருத்தரங்கு முடிவதற்குள் இரு மொழியிலும் எழுதி அச்சிட வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

அடுத்து, நோயாளியை மாற்றி அனுப்புவது. சிறிய வைத்தியசாலையில் பயந்துபோன இளைய வைத்தியரின் முதல் எண்ணம் ஆளை உடனே அனுப்பிவிடுவோம் என்பதே. அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனால் நெடுந்தீவை நினைத்துப் பாருங்கள். அங்கே காயப்பட்டவர் குறிகட்டுவான் துறைக்கு வரவே ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். இரவென்றால் கடற்படைப் படகு கிடைக்க வேண்டும், கடல் அமைதியாக இருக்க வேண்டும். பிறகு யாழ்ப்பாணம் வரை வீதி. படகு அசையத் தொடங்கிய பின் நெஞ்சில் அடைபட்ட காற்றை வெளியேற்றுவது மிகக் கடினம். மூச்சுவழியைப் பாதுகாத்தல், நெஞ்சில் அடைபட்ட காற்றை விடுவித்தல், இடுப்பெலும்பைத் துணியால் இறுக்கிக் கட்டுதல், முறிந்த தொடையை மட்டையில் நேராக்குதல், எல்லாம் கரையிலேயே முடிய வேண்டும். திரனெக்சாமிக் அமில ஊசி ஒரு கிராமைப் பத்து நிமிடத்தில் ஏற்றுவதும் அந்தச் சிறு அறையில் முடியும். 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2010இல் வெளியானது. காயப்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் இந்த ஊசி கொடுத்தால் குருதிப்பெருக்கு மரணம் குறைகிறது, அதைத் தாண்டினால் தீங்காகவும் முடியலாம் என்று அதன் தரவுகளை மேலும் ஆராய்ந்து 2011இல் வெளியான பகுப்பாய்வு காட்டியது. மூன்று மணி நேரம் என்ற அந்த எல்லையைத் தீவுப்பகுதியில் உள்ள ஒருவர் பெரிய வைத்தியசாலையின் வாசலிலேயே தொட்டுவிடக்கூடும். ஆகவே அந்த ஊசி கிடைக்கவேண்டிய இடம் கடலுக்கு அப்பால் உள்ள அறைதான்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, 2018 யூலையில் வடக்குக்கு வந்தது நம் காலத்தின் நல்ல மாற்றம். அதில் வரும் அவசர மருத்துவ உதவியாளர்களையும் நம் பயிற்சி அறைக்குள் அழைக்க வேண்டும். நோயாளியைக் கையளிக்கும் அந்த ஒரு நிமிடத்தில் இரு தரப்பும் ஒரே ஒழுங்கில் பேசினால் போதும், எவ்வளவோ மிச்சமாகும்.

தொலைபேசி பற்றியும் சொல்ல வேண்டும், இது முன்வரிசைக்கு. பின்வரிசையில் இருப்பவர் இரவு மூன்று மணிக்கு நம்மை அழைக்கத் தயங்குகிறார். ஒரு தரம் அழைத்து, "இதுகூடத் தெரியாதா?" என்று ஏச்சு வாங்கியவர் மறுதரம் அழைக்க மாட்டார். அவருடைய மௌனத்துக்கு விலை கொடுப்பவர் கட்டிலில் கிடப்பவர். இறப்புகளை ஆராயும் கூட்டங்களிலும் இதேதான். யார் விட்ட பிழை என்று தொடங்கினால் அடுத்த மாதம் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். அந்தத் தாதி இரண்டு தரம் சொன்னதையும், நான் கேட்காமல் விட்டதையும் வெளியே சொல்ல எனக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. இந்த இளையவர்களுக்கு அவ்வளவு காலம் ஆகக்கூடாது.

என் இரண்டாவது கோரிக்கை: ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையும் தன்னைச் சுற்றியுள்ள பிரதேச வைத்தியசாலைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய், அங்குள்ள காய அறையிலேயே, அங்கு வேலை செய்யும் எல்லோரையும் சேர்த்து அரை நாள் ஒத்திகை நடத்த வேண்டும். மண்டபம் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். அந்த அறையின் உறிஞ்சி இயந்திரம் வேலை செய்கிறதா, ஒட்சிசன் கொள்கலனைத் திறக்கும் சாவி எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். ஒருமுறை கற்றது சில மாதங்களில் கையை விட்டுப் போய்விடுவதால்தான் மூன்று மாதம் என்கிறேன்.

நீண்ட உரைகளால் இந்த ஒழுங்கு யாருக்கும் கைவந்ததில்லை. நிகழ்ச்சி நிரலில் முதல் அமர்வாக ஆய்வுக்கட்டுரை வாசிப்பு அச்சாகியிருக்கிறது. கட்டுரையாளர்கள் பெருந்தன்மையோடு அதைப் பிற்பகலுக்குத் தள்ளச் சம்மதித்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. மேடைக்குப் பின்னால் உள்ள மேசையில், காலையில் இறைச்சிக் கடையில் வாங்கிய ஆட்டு விலாக்கள் இருக்கின்றன. நெஞ்சுக்குழாய் இடுவதை அதில் பழகலாம். பக்கத்து மேசையில் நோயாளியாகக் கிடக்க எங்கள் சிற்றூழியர் ஒருவர் முன்வந்திருக்கிறார். பின்வரிசையிலிருந்து முதல் நான்கு பேர் வாருங்கள். தாதியரிலும் இருவர் வாருங்கள். மேசையில் கிடப்பவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இருபது நிமிடம் ஆகிறது, தலையில் ஒரு வெட்டு, இரத்தம் ஓடுகிறது, நாடி வேகமாக இருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?