நின்ற கல்லும் நிலைத்த சொல்லும்

(ஆலயத் திருவிழாவின் மூன்றாம் நாள் மாலை நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

மரத்தடிக் கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, “வெறுங்கல்லில் என்ன இருக்கிறது?” என்று இளைஞர் ஒருவர் என்னிடம் வினவினார். அன்று நான் தக்க விடை கூறவில்லை. இன்று கூற விழைகின்றேன்.

நம் புக்கிட் ரம்பாயிலிருந்து வடமேற்கே சென்றால், மலாக்காவிற்கும் நெகிரி செம்பிலானுக்கும் எல்லையாக ஓடும் லிங்கி ஆற்றை அடையலாம். அவ்வாற்றின் பக்கத்தில் பெங்காலான் கெம்பாஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஷேக் அகமது மஜ்னூன் என்பாரின் அடக்கத்தலத்தருகே நெடுங்கற்கள் நிற்கின்றன. வடிவம் கருதி ஒன்றை வாள் என்றும், ஒன்றைக் கரண்டி என்றும், மற்றொன்றைச் சுக்கான் என்றும் மக்கள் அழைக்கின்றனர். வாள் கல்லில் ‘அல்லாஹ்’ என்னும் திருப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. இத்தகைய கற்கள் அலோர் காஜா வட்டாரத்திலும் பல உள்ளன. மலாய் மக்கள் இவற்றை ‘பத்து ஹீடுப்’, அதாவது உயிருள்ள கல் என்பர். இவை மண்ணுள்ளிருந்து சிறுகச் சிறுக வளர்கின்றன என்பது அவர்தம் முன்னோர் நம்பிக்கை.

அங்கேயே துளையுள்ள கல் ஒன்றும் உண்டு. அத்துளையில் கையை நுழைத்துப் பொய் உரைத்தால், துளை சுருங்கிக் கையைப் பற்றிக்கொள்ளுமாம். இதைக் கேட்டு நகைக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ததும், இன்று அரசு அலுவலகங்களில் சத்தியப் பிரமாணத்தில் கையொப்பம் இடுவதும் மனிதனின் சொல்லுக்கு ஒரு சாட்சி தேடும் முயற்சியே அன்றோ?

அத்தலத்தில் உள்ள கல்வெட்டு நம் சிந்தனைக்கு உரியது. ஒரே கல்லில் இரண்டு எழுத்துகள், இரண்டு ஆண்டுக் கணக்குகள்! ஜாவி எழுத்தில் ஹிஜ்ரி 872 என்றும், காவி எழுத்தில் சக ஆண்டு 1385 என்றும் காணப்படுகின்றன. அவை முறையே கி.பி. 1467, 1463 ஆகிய ஆண்டுகளை ஒட்டியவை. சுல்தான் மன்சூர் ஷா மலாக்காவை ஆண்ட காலம். காவி எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. சக ஆண்டோ நம் பஞ்சாங்கத்தில் இன்றும் அச்சிடப்படுவது. ஆகவே அக்கல் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

கல் நட்டு நினைவு போற்றும் மரபு தமிழர்க்குப் பழையது. போரில் மாய்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006ஆம் ஆண்டு கண்டறிந்தனர். ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவன் ஒருவனின் பெயரை, ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் நாம் அறிகின்றோம். எதனால்? யாரோ ஒருவர் அதைக் கல்லில் எழுதி வைத்ததனால்.

இனி என் குறை ஒன்றை இச்சபையில் சொல்லத் துணிகின்றேன். நான் பிறந்த தோட்டத்திலும் ஒரு கல் இருந்தது. கன்று நடக் குழி வெட்டியபோது மண்வெட்டியில் தட்டுப்பட்டதென்றும், அன்றிரவே ஒருவர் கனவில் முனியாண்டி தோன்றி இடம் கேட்டாரென்றும் என் பாட்டி சொல்வார். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் நீர் ஊற்றிக் குங்குமம் வைப்பார். பின்னர்த் தோட்டம் கைமாறியது, குடும்பங்கள் சிதறின. பல ஆண்டுகள் கழித்து நான் சென்று தேடியபோது, வரிசை வரிசையாகச் செம்பனை மரங்களே நின்றன. கல் இருந்த இடமே தெரியவில்லை. கேட்டறியப் பாட்டியும் இல்லை.

கோப்பில் ஒரு தேதி விடுபட்டிருந்தாலும் திருப்பி அனுப்பும் பணியில் இருப்பவன் நான். என் பாட்டியிடம் அந்த ஆண்டையும், கனவு கண்டவர் பெயரையும் ஒருநாளும் கேட்டதில்லை. அக்கல்லை இழந்ததைவிட இதுவே என்னை மிகவும் வருத்துகின்றது.

மலாக்கா நகரின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781இல் எழுந்தது என்று நாம் உறுதியுடன் உரைக்கின்றோம். ஆனால் தோட்டக் கோயில்கள் பலவற்றுக்கு நிலப்பட்டாவும் இல்லை. எழுதிய வரலாறும் இல்லை. நம் நாட்டில் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. எனினும் எழுத்திலும் படத்திலும் சான்று இல்லாத ஒன்றுக்காக எந்த அலுவலகத்தின் முன்னும் வாதாடுதல் அரிது. இதை அலுவலக மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்திருப்பவனாகவே சொல்கின்றேன்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. திருப்பணி செய்யுங்கால் பழைய கல்லை அப்புறப்படுத்தாதீர். அதன் இடத்திலேயே போற்றுங்கள். ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து வையுங்கள். ஆலய அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, இத்திருவிழா முடிவதற்குள் நம் முதியோர் கூறும் செய்திகளை அவர்கள் கூறியவாறே எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் எழுதப் படித்த நாம், அக்கல்விக்குச் செய்யும் நன்றிக்கடன் இது.

தம்பி, உன் வினாவிற்கு விடை இதுதான்: அந்தக் கல்லில் நம் பாட்டன் பாட்டிமார் சொல் இருக்கின்றது. சொல் மறைந்த பின்னரே அது வெறுங்கல் ஆகின்றது.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவருக்கும் கிட்டுமாக!