வெயிலும் கோழியும் பச்சிலையும்

நாமக்கல் என்றால் மலைக்கோட்டையும் அனுமனும் நினைவுக்கு வருவதுபோல, இன்று முட்டையும் நினைவுக்கு வருகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. அப்பொழுது பண்ணைக் கோழியின் உடலினுள் நிகழ்வது யாது?

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. இயல்பாகவே அதன் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 பாகை. வெளியே அனல் வீசும்போது, அலகைத் திறந்து மூச்சிரைத்தே அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். தீனி குறைகிறது; உயிரணுக்களில் கட்டுக்கடங்காத ஆக்சிஜன் துணுக்குகள் பெருகுகின்றன. திறந்து வைத்த எண்ணெய் காறிப்போவதுபோல, அவற்றால் உயிரணுச் சவ்வின் கொழுப்புக் கெடுகிறது. நோயோடு போரிடும் வெள்ளையணுக்களும் இதற்குத் தப்புவதில்லை. ஆதலால், வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தும், எதிர்ப்பாற்றல் போதிய அளவு உண்டாகாமற் போகலாம்.

இனிச் செடிகளைப் பாருங்கள். நிழல் தேடி ஓட இயலாத அவை, ஆக்சிஜனின் கேட்டைத் தடுக்கும் பொருள்களைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. 1922ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ஈவான்சும் பிஷப்பும் பச்சிலை உணவை ஆராய்ந்து கண்ட வைட்டமின் 'ஈ' அத்தகையது. முருங்கைக் கீரையின் கரோட்டினும், சேலம், ஈரோடு வட்டாரங்களில் விளையும் மஞ்சளின் குர்குமினும் அவ்வினத்தனவே.

ஆயின், மஞ்சளைத் தீவனத்தில் தூவிவிட்டால் போதுமா? போதாது. ஆய்வுகள் சிலவற்றில் நற்பயன் தெரிந்தது. சிலவற்றில் வேறுபாடே காணப்படவில்லை. குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்வது இதற்கு ஒரு காரணம். நிழல், குளிர்ந்த நீர், காற்றோட்டம், தடுப்பூசி ஆகியவற்றுக்குப் பச்சிலை துணையாகுமேயன்றி, மாற்றாகாது. இதை மறந்த பண்ணையாளர் ஒரு கோடையிலேயே கொட்டகையை இழக்க நேரும்.

மாணவர்களே! பாட்டி வைத்தியம் என்று இகழவும் வேண்டா. மூலிகை என்பதற்காக நம்பிவிடவும் வேண்டா. ஒரே வயதுக் கோழிகளை இரு பிரிவாக்குங்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் மஞ்சள் கொடுங்கள். தடுப்பூசிக்குப் பின் இரு பிரிவின் இரத்தத்திலும் எதிர்ப்பொருளை அளந்து பாருங்கள். 1985இல் தோன்றிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் வாயிலிலேயே இருக்கிறது. பாட்டியின் சொல்லுக்கும் பண்ணையாளரின் கவலைக்கும் விடை அந்த அளவையில்தான் கிடைக்கும்.