இறம்பொடைப் பிள்ளைகளின் தட்டில்

நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையின் வீதியோரக் கடைகளில் லீக்ஸும் கரட்டும் கோவாவும் குவிந்து கிடக்கின்றன. ஆனால் இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. நாட்டின் சராசரி 17.3. சூழலுக்கு உகந்த உணவு என்றதும் இறைச்சியைக் குறைக்கச் சொல்வார்கள். 2019இல் வந்த ஈட்-லான்செட் அறிக்கையின் முக்கிய அறிவுரைகளில் அதுவும் ஒன்று. அது மிதமிஞ்சி இறைச்சி உண்ணும் நாடுகளுக்குச் சரி. ரொட்டியும் சம்பலும் பிளேன்டியுமாக வளரும் பிள்ளைக்குப் பாடசாலை உணவில் முட்டையைக் கூட்டத்தான் வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதையும், தேயிலை மலையில் சொல்லக் கூச்சமாக இருந்தாலும், போசாக்கு நிபுணர் சொல்லியாக வேண்டும்.

முட்டை விலை கட்டுப்படியாகுமா? தினமும் ஆகாது. அதனால்தான் கனடாவிலிருந்து கப்பலேறி வரும் பருப்போடு உலர்வலயத்துக் கௌபியும் நெத்தலியும் வேண்டும். பாடசாலை உணவைச் சமைத்து வழங்கும் பெண்களே கோழி வளர்க்க உலக உணவுத் திட்டம் உதவுவதும் நல்ல வழி. வீதியோரத்தில் குவிந்த மரக்கறியையும் தட்டில் சேர்க்கலாமே என்றால், மலைநாட்டு மரக்கறிக்கு மருந்தடிப்பது அதிகம் என்ற மறுப்பு இன்னும் கனமானது. வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று லயத்துக் குடும்பத்திடம் சொல்வது சுலபம், நிலம் எங்கே? பாடசாலை வளவில் வல்லாரைப் பாத்தி போடலாம். அதற்குத் தண்ணீரும், விடுமுறையிலும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.