உபதேசியாரின் கல்லறை எங்கே?

வரக்காப்பொலையைச் சுற்றியுள்ள இறப்பர் தோட்டங்களில் முப்பது வருடங்களுக்கு மேல் சபை ஊழியம் செய்து ஓய்ந்தவன் நான். ஊழியத்துக்காக வெளிநாடு போய்வந்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். நான் போன வெளிநாடு வெகு தூரத்தில் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலி. அங்கே ஒரு மாதம் தங்கிச் சபைகளைப் பார்த்துவந்தேன்.

கையில் என்ன கொண்டு போவது என்று வீட்டில் பெரிய யோசனை. வரக்காப்பொலைக்காரர் வேறென்ன கொண்டு போவார்? கண்டி வீதியில் போகிறவர்கள் வாகனத்தை நிறுத்தி வாங்குகிற தலகுலிதான். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். வீட்டு அம்மா ஒன்றை வாயில் போட்டதும், "இது நம்ம எள்ளுருண்டைல்லா!" என்றார். எள்ளும் கருப்பட்டியும்தானே. நம்முடையதில் கித்துள் கருப்பட்டி, அவர்களுடையதில் பனங்கருப்பட்டி. அந்த ஒரு வாய் இனிப்பில் நான் அந்நியன் என்பது பாதி போய்விட்டது.

மீதிப் பாதி போக நாளெடுத்தது. நாம் பேசுவதும் தமிழ், அவர்கள் பேசுவதும் தமிழ். ஆனால் "நான் தோட்டத்திலிருந்து வருகிறேன்" என்று நான் சொன்னவுடன் பக்கத்தில் இருந்தவர் மரியாதையோடு, "எத்தன ஏக்கர் அண்ணாச்சி?" என்று கேட்டார். தோட்டம் என்றால் அவருக்கு ஒருவருடைய சொந்த நிலம். நமக்கோ தோட்டம் என்றால் பிறந்த இடம், வேலை செய்கிற இடம், ஒருபோதும் சொந்தமாகாத இடம். "லயத்தில் வளர்ந்தேன்" என்றபோது ஒரு சின்னப் பையன், "குதிரை லாயத்துலயா?" என்று கேட்டுவிட்டான். பெரியவர்கள் அவனை அதட்டினார்கள். நான் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிரா ஒன்றைத் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அடுப்பு இங்கே, கட்டில் இங்கே, எட்டுப் பேர் இங்கே. அவன் ஒன்றும் பேசவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நேயர்களே, நான் உங்களிடம் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது.

பனங்காட்டுக்கு நடுவே ஒரு கிராமம். அன்று அங்கே அசனம். ஆலயத்து முற்றத்தில் ஊரே உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற விருந்து. சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொடுக்கிற பழக்கம் அங்கத்துப் பெண்களிடம் இன்றும் இருக்கிறது. சாப்பிட்டு எழுந்த நேரம் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டியம்மா என்னைத் தேடி வந்தார். "நீங்க சிலோன்லயிருந்து வந்திருக்கீகளா? எங்க தாத்தா அங்க உபதேசியாரா போனாரு. கண்டிக்குப் போற வழியில ரப்பர் தோட்டம்னு கடுதாசி போட்டாராம். அங்கேயே செத்துப்போனாரு. அவரு கல்லறை எங்க இருக்கு அய்யா?"

கண்டிக்குப் போகிற வழி. இறப்பர் தோட்டம். அது நம்ம பக்கம் அல்லவா! முப்பது வருடம் அதே மலைகளில் ஏறி இறங்கியவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை.

மிஷனரி என்றால் வெள்ளைக்காரப் பாதிரியார்தான் நம் நினைவுக்கு வருகிறார். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நம் தோட்டங்களுக்கு வேதத்தைக் கொண்டுவந்த கால்களில் பெரும்பாலானவை தமிழ்க் கால்கள். 1854இல், கோப்பிக் காலத்தில், மலைநாட்டில் சர்ச் மிஷனரி சங்கத்தின் கீழ் ஒரு ஊழியம் தொடங்கியது. அதற்குத் தமிழ்க் கூலி மிஷன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. திருநெல்வேலியில் பல வருடம் பணியாற்றிய செப்டிமஸ் ஹொப்ஸ் பாதிரியார் அதன் முதல் மேற்பார்வையாளர். செலவுக்குத் தோட்டத் துரைமார் பணம் போட்டார்கள். லயம் லயமாக நடந்தவர்களோ திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ரயில் பாதை திறந்ததே 1865இல்தான். அதற்கு முன் கொழும்பில் இறங்கிக் கண்டி மலைக்குப் போனவர்கள் இதே கண்டி வீதி வழியாக, இன்றைக்கு நம் பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

பிறகு கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது. 1876இல் ஹெனரத்கொடையில் நட்ட கன்றுகளிலிருந்து இறப்பர் பரவிக் கேகாலை மலைகளை மூடியது. உபதேசியார்களும் தோட்டத்துக்குத் தோட்டம் போனார்கள்.

அந்த மனிதர்களின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சம்பளம் துரைமார் கொடுத்த பணத்திலிருந்து. பேச வேண்டியதோ துரையைக் கண்டு பயப்படுகிற சனத்திடம். இவன் துரையின் ஆளா, நம்ம ஆளா என்று லயத்தில் ஒவ்வொரு கண்ணும் கேட்டிருக்கும். அதற்கு அவர்கள் எப்படிப் பதில் சொல்லியிருப்பார்கள் என்பதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. என் முதல் வருட ஊழியத்தில்தான் புரிந்தது.

இறப்பர் தோட்டத்தில் பால்வெட்டு விடியற்காலையில் தொடங்கும். பாலைச் சேர்த்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குப் பிறகுதான் ஆட்கள் லயத்துக்கு வருவார்கள். அந்த நேரம் பார்த்துப் பைபிளோடு ஒரு காம்பிரா வாசலில் நின்றேன். உள்ளேயிருந்த அம்மாயி, "தம்பி, அத அப்புறம் விரிக்கலாம். மொதல்ல இந்தக் காயிதத்த வாசிச்சுச் சொல்லு" என்றார். கூடலூரிலிருந்து மகன் போட்ட கடிதம். 1964இல் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்து நம் சனத்தை எண்ணிப் பிரித்தார்களே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று! அதில் மகன் அந்தப் பக்கம், தாய் இந்தப் பக்கம். கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பதிலையும் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்குப் பைபிளை நான் திறக்கவே இல்லை. அடுத்த வாரம் அந்த அம்மாயியே பக்கத்துக் காம்பிராக்காரர்களையும் கூட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் கடைசிவரை மாரியம்மனைக் கும்பிட்டவர். என் ஜெபக் கூட்டத்துக்கு வாசலைக் கூட்டிப் பாய் விரித்ததும் அவர்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு சபையில் தப்பு மேளம் கோயிலுக்குள் வரக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். ஒரு நத்தார் இரவு கீதம் பாடிக்கொண்டு லயம் சுற்றினோம். காமன்கூத்துக்குத் தப்பு அடிக்கிற கிழவர் தானாகவே வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். அந்த அடிக்குக் குழந்தைகள் பாடிய பாட்டை வேறெந்த வாத்தியத்திலும் நான் கேட்டதில்லை. கீழே சிங்களக் கிராமத்திலிருந்தும் ஆட்கள் பந்தத்தோடு மேலே ஏறி வந்தார்கள். அந்த விதி பிழை என்பது என் முடிவு. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

நேரம் குறைவாக இருப்பதால் ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்த இந்த ஊழியப் பாதை ஒருவழிப் பாதையும் அல்ல. 1902இல் திருநெல்வேலிக்காரரான வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் வந்தார். யாழ்ப்பாணத்து மாணவர்கள் தாங்களே காசு சேர்த்துத் தமிழ்நாட்டுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். ஊர் திரும்பி, 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கக் காரணமாயிருந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவரும் அவர்தான்.

இனி என் வேண்டுகோள். ஊருக்குத் திரும்பியதிலிருந்து நான் தோட்டம் தோட்டமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்லறைகளைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் பல கப்பலேறிப் போய்விட்டன. புல்லும் இறப்பர் வேரும் மூடிவிட்டன. ருவன்வெல்லையோ, தெகியோவிட்டையோ, கலப்பிட்டமடையோ, நீங்கள் இருக்கும் தோட்டத்தில் தமிழ் எழுத்து வெட்டிய பழைய கல் ஏதாவது கிடந்தால் தயவுசெய்து மண்ணைத் துடைத்துப் பெயரை வாசியுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேடு, தாத்தா காலத்துக் கடிதம், கரையான் அரித்த பாட்டுப் புத்தகம் எது கிடைத்தாலும் எரித்துவிடாதீர்கள். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து இந்த நிலையத்துக்கு அனுப்புங்கள், என்னிடம் சேர்ப்பிப்பார்கள். நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி, அந்தக் கல்லின் கீழ் கிடப்பவர் நம் பாட்டன்மாருக்குக் கடிதம் வாசித்துக் கொடுத்தவராக இருக்கலாம்.

பனங்காட்டுக் கிராமத்துப் பாட்டியம்மாவுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அவருக்கு வயது எண்பது. சீக்கிரம் தேடுங்கள்.