முகமலர்ச்சியே முதல் தொண்டு
(ஆலயத் திருவிழாச் சொற்பொழிவு)

 

திருவிழாக் காலங்களில் அருளாளர்களின் வரலாற்றைப் பேசுவது மரபு. இல்லறத்தில் இருந்தவாறே, சட்டம் பயின்று, திருக்கோயில்களின் நிர்வாகத்தையும் கவனித்து, சிரித்த முகத்தோடு வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரை நினைவுகூர்வதும் இவ்வேளைக்குப் பொருத்தமே. அவர்தாம் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார்.

தென்காசிக் குடும்பத்தில் வந்த டி.கே.சி., சட்டப் படிப்பை முடித்தவர். ஆயினும் கட்சிக்காரர்களின் வழக்கைவிடக் கம்பனின் கவியே அவர் நெஞ்சை ஈர்த்தது. நீதிமன்றம் அவரை நெடுநாள் பிடித்துவைக்க இயலவில்லை. எனினும் கற்ற சட்டம் வீண்போகவில்லை. ஒரு பாடலை எடுத்துக்கொண்டால், அதன் ஒவ்வொரு சொல்லையும் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார். கம்பராமாயணத்தில் பல பாடல்கள் பிற்காலத்தார் நுழைத்தவை என வாதிட்டார். புலவர்கள் பலர் அதனைக் கடுமையாக மறுத்தனர். அவரோ வாதத்தை விடவுமில்லை, நகைச்சுவையை இழக்கவுமில்லை.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த அவர் இல்லத்தில், 1924 முதல் நண்பர்கள் கூடினர். வீட்டு முற்றத்தில் வட்டமாக அமர்ந்து கவிதையைச் சுவைத்த அக்கூட்டமே ‘வட்டத்தொட்டி’ எனப் புகழ்பெற்றது. அதற்குச் சந்தா இல்லை, தேர்தல் இல்லை, பதவியும் இல்லை. வெண்மீசையும் விரிந்த சிரிப்புமாக அவர் பாடலைச் சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் வீட்டை மறந்தனர். பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியேறியபோதும் அவ்வீடு விருந்தினரால் நிறைந்தே இருந்தது. இராஜாஜியும் கல்கியும் அவரது அன்புக்குரிய நண்பர்கள்.

1930 முதல் 1935 வரை சென்னை மாகாண இந்து சமய அறநிலைய வாரியத்தின் ஆணையராகவும் அவர் பணியாற்றினார். கோயில் சொத்து, கணக்கு, உரிமை என்று எத்தனையோ பூசல்கள் வந்து சேரும் இடம் அது. அப்பதவியிலிருந்து இறங்கிய பின்னரும் அவரது முகமலர்ச்சி மாறவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

அம்மலர்ச்சி துன்பம் அறியாதவரின் மலர்ச்சியன்று. அருமை மகன் தீத்தாரப்பன் இளம் வயதிலேயே மறைந்தார். அறிவாலும் தமிழாலும் தந்தைக்குத் தோழராய் விளங்கியவர் அவர். அத்துயரில் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இரங்கற்பா ஒன்றை எழுதி அனுப்பினார். புத்திர சோகத்தின் நடுவிலும் டி.கே.சி. அக்கவிதையின் அழகை வியந்து போற்றினார். துயரம் அவர் வீட்டுக் கதவைச் சாத்திவிடவில்லை. 1954 பிப்ரவரி 16-ஆம் நாள் குற்றாலத்தில் அவர் மறையும்வரை, வருவோரை வரவேற்ற கதவு அது.

அன்பர்களே! பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் முன்னோர் ஆலயங்களை எழுப்பியது, வழிபாட்டோடு உறவும் வளரவேண்டும் என்பதற்காகவே. இன்றோ, ஆலயப் பொதுக்கூட்டத்தில் தொடங்கும் சொற்பூசல் சில இடங்களில் நீதிமன்றம் வரை சென்றுவிடுகிறது. கோபுரம் உயர்ந்து, கூடத்தில் இளைஞர் குறைந்தால் யாருக்கு என்ன பயன்? தவறு செய்த பிள்ளையை அதட்டி அனுப்புவது எளிது; அவன் திரும்பி வருவதுதான் அரிது.

கணக்கைக் கேட்க வேண்டும். கருத்து வேற்றுமையைச் சொல்லவும் வேண்டும். டி.கே.சி.யும் வாதத்துக்கு அஞ்சியவர் அல்லர். ஆனால் வாதம் முடிந்ததும் எதிர்வாதி பந்தியில் பக்கத்தில் அமர இடம் இருக்கவேண்டும். வாரம் ஒருநாள் வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு தமிழ்ப் பாடலைச் சொல்லிச் சிரித்து மகிழ்ந்தால், அதுவே அவ்வீட்டின் வட்டத்தொட்டி.

சந்நிதியில் நிற்பவர் முகம் மலர்ந்து, பக்கத்தில் நிற்பவரையும் மலரச் செய்வாராக! எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக!