ஊர் கூடிப் பேசுவது

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழில்நுட்பம் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பேசப்போவது ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பற்றி. ஆகவே அவர் என்னைக் கோபித்துக்கொள்ள முடியாது.

எங்கள் ஊர் திருச்சுழிப் பக்கம். சீமைக்கருவேலும் வெடித்த கண்மாயும்தான் எங்கள் சொத்து. சில வருஷங்களுக்கு முன் மேல்நிலைத் தொட்டி கட்ட இடம் பார்த்தார்கள். "நீதான் இஞ்சினியராச்சே, பாத்துச் சொல்லுப்பா" என்றார்கள். லெவல் கருவியோடு போய் இரண்டு நாள் அளந்தேன். ஊரிலேயே மேடான இடம் காலனியில் இருந்தது. மேட்டில் தொட்டி இருந்தால் கடைசித் தெருவரை தண்ணீர் தானே இறங்கும். இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கிராமசபையில் குறிப்பை வாசித்தேன். மண் சரியில்லை என்றார் ஒருவர். பாதை ஒடுக்கம் என்றார் இன்னொருவர். கரண்ட் கம்பி தூரம் என்றார் மூன்றாமவர். ஒவ்வொன்றுக்கும் கணக்கோடு பதில் சொன்னேன். ஒரு பதில் முடிவதற்குள் அடுத்த ஆட்சேபம் வந்துவிடும். உண்மையான காரணத்தை மட்டும் யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. எனக்கும் அது தெரியும். நானும் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் என் சொந்தக்காரர்கள். காலனிக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள், கையெழுத்துப் போட்டார்கள், போய்விட்டார்கள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. நம் வட்டாரத்துப் பழைய கதைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. 1957 செப்டம்பர் 10ஆம் தேதி முதுகுளத்தூரில் கலெக்டர் பணிக்கர் சமாதானக் கூட்டம் கூட்டினார். அப்போது நாமெல்லாரும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். பேச்சு ஒரே நாள்தான். அதில் கலந்துகொண்ட இம்மானுவேல் சேகரன் மறுநாள் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 14ஆம் தேதி கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். பிறகு எத்தனை ஊர் எரிந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். மேசையைச் சுற்றி ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால் பேசியதாகிவிடாது.

இன்னொரு கதை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கொட்டக்கச்சியேந்தல். 1996 உள்ளாட்சித் தேர்தலில் அதன் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் அப்படித்தான். பத்து வருஷம் அங்கெல்லாம் நடந்ததைத் தேர்தல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மனுப்போட ஆள் கிடையாது. போட்டு ஜெயித்தால் கையோடு ராஜினாமா. மேலவளவில் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டதை எல்லோரும் பார்த்திருந்தார்கள், எவருக்குத் துணிச்சல் வரும்?

2006 அக்டோபரில்தான் நான்கு ஊரிலும் தலைவர்கள் வந்து நிலைத்தார்கள். மதுரைக் கலெக்டர் உதயச்சந்திரன் ஊருக்குள் போய் மக்களோடு உட்கார்ந்து பேசியதைப் பலரும் சொல்வார்கள். அதோடு கட்சிகளும் தலித் இயக்கங்களும் விடாமல் நெருக்கின, அரசும் பின்வாங்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "பேசித் தீர்த்துக்கலாம்" என்பது நம் பக்கம் பல சமயம் "நீ அடங்கிப் போ" என்பதற்கு மரியாதையான பேர். பதவி ஒதுக்கீடு உண்டா இல்லையா என்பது அங்கே பேச்சுக்கு வரவேயில்லை. அது சட்டம். எப்படி நடத்துவது, யாருக்கு என்ன பயம் என்பதைத்தான் பேசினார்கள்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். கிராமசபையை மதச்சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது என்பது அரசு உத்தரவு. எங்கள் ஊரிலோ வழக்கமாகக் கோயில் மண்டபம். நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அடுத்த கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொன்னதுதான். எல்லோருக்கும் ஒரே உயர பெஞ்சு. சுவரோரம் நிற்க ஆளில்லை.

மறுபடி மண், பாதை, கரண்ட். கடைசியில் என் பெரியப்பாவே பொறுமை இழந்து எழுந்தார். "காலனியிலருந்து எறங்குற தண்ணியவாடா குடிக்கச் சொல்ற?"

கூட்டம் அப்படியே நின்றது. பின்பெஞ்சிலிருந்து ஒரு அம்மா உட்கார்ந்தபடியே கேட்டார்: "இத்தன வருசமா ஒங்க தெருவுலருந்து வர்ற தண்ணியத்தான நாங்க குடிக்கோம்? எங்களுக்கு என்ன ஆயிப்போச்சு?"

இந்தக் கேள்விக்கு என் லெவல் புத்தகத்தில் பதில் கிடையாது, பெரியப்பாவிடமும் இல்லை. உடனே எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அன்று சத்தம்தான் மிஞ்சியது. ஆனால் அதன்பின் மண்ணையும் கரண்டையும் யாரும் இழுக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. அதற்கும் நாலு பேர் கையெழுத்துப் போடவில்லை.

தொட்டி அந்த மேட்டில்தான் நிற்கிறது. பெரியப்பா இன்றைக்கும் கேன் தண்ணிதான் வாங்குகிறார், என்னோடும் அவ்வளவாகப் பேச்சில்லை. பெரியம்மா குழாயில் பிடித்துத்தான் சமைக்கிறார். அதைப் பற்றி அந்த வீட்டில் இதுவரை யாரும் பேசவில்லை.