சாவி யார் கையில்?

(சிப்பிகாட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2004 டிசம்பர் 26-ஐ சிப்பிகாட்டுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நிலம் தாழ்ந்தது, பல வயல்களில் ஏறிய கடல் வடியவே இல்லை. பெட்டியோடு பத்திரமும் ரேஷன் கார்டும் போனவர்கள் எத்தனை ஆபீசுகள் ஏறி இறங்கினார்கள்! அந்தப் பயத்தில்தான் இன்று எல்லாவற்றையும் படமெடுத்து, கூகுளில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

நான் ரயில்வே குமாஸ்தா. (ரயிலே இல்லாத தீவில் ரயில்வேக்காரனா என்று சிரிக்காதீர்கள்.) எங்கள் குளோக் ரூமில் பெட்டி வைத்தால் ரசீது உண்டு, தொலைந்தால் போய்ச் சண்டை போட ஒரு ஜன்னல் உண்டு. கூகுளுக்கு ஜன்னல் எங்கே? படங்களுக்கு வரம்பில்லா இலவசம் என்றவர்கள், 2021 ஜூன் 1 முதல் 15 ஜி.பி. கணக்கில் அவற்றையும் சேர்த்தார்கள். இரண்டாண்டு தொடாத கணக்கை அழிக்கலாம் என்று 2023-இல் விதி செய்தார்கள். மகன் திறந்து கொடுத்த கணக்கு. போன் தொலைந்தது, கடவுச்சொல் தெரியாது. அந்தப் பெரியவர் எங்கே போய் நிற்பார்?

வேண்டாம் என்று சொல்லவில்லை. 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது நமக்கும்தான். ஆனால் அங்கே ஒன்று இருந்தால், கையில் ஒன்று, அக்கரையில் உறவினரிடம் ஒன்று இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கம்ப்யூட்டர் இருக்கும். காகிதங்களோடு சொந்தப் பென்டிரைவும் கொண்டுவாருங்கள், பிரதி எடுத்துத் தருகிறோம். கடவுச்சொல்லை மட்டும் என்னிடம்கூடச் சொல்லாதீர்கள்.